கருங்கடல் மேலே முதலாளி

எனக்குக் கண்ணாடிக் கதவென்றால் பயம். மரக்கதவு என்றால் தட்டிப் பார்க்கலாம். திறந்து கிடந்தால் எட்டிப் பார்த்து, ஆள் இல்லையென்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு திரும்பிவிடலாம். கண்ணாடிக் கதவில் அந்த வசதி கிடையாது. நாம் தயங்குவது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரிவது நமக்கும் தெரிகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய இன்றைக்கும் பேங்குக்குப் போனால், வேறு யாராவது வரும்வரை காத்திருந்து அவர் முதுகுக்குப் பின்னாலேயே நுழைந்துவிடுகிறேன். (காவல்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பது அதனால்தான். மற்றபடி நான் யோக்கியன்.)

இந்தப் பயத்தினால் எனக்கு வந்த கஷ்டங்களை நானே சுமந்துவிட்டேன். ஒரே ஒரு தடவைதான் அது இன்னொருவர் தலையில் விடிந்தது. அந்த இன்னொருவர் எனக்குச் சோறு போட்ட முதலாளி.

எழுபதுகளின் நடுப்பகுதி. திருப்பூரை ஒட்டிய மண்ணரையில் ரங்கசாமி முதலாளியின் பனியன் கம்பெனியில் நான் கட்டிங் டேபிளில் இருந்தேன். வயது இருபத்திரண்டு. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் என்பதால், இங்கிலீஷில் கடிதம் வந்தால் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் அறைக்கு வரச் சொல்வார்கள். அந்த அறையின் மேசையில் ஒரு பூகோள உருண்டை இருந்தது. பனியன் மெஷினுக்கு ஊசி விற்கும் ஏஜெண்டு ஒருவர் வருஷப் பிறப்புக்குக் கொடுத்தது. காகிதம் பறக்காமல் இருக்க முதலாளி அதைப் பாரமாக வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் போய் அதன் முன்னால் உட்காருவேன்.

மெல்லச் சுற்றினால் போதும். அரபிக்கடல் நீலமாக வரும், பிறகு மணல் நிறத்தில் பாரசீகம், பிறகு பச்சையும் பழுப்புமாகப் பெயர் வாசிக்க முடியாத ஊர்கள். ஜன்னலுக்கு வெளியே, சலவைப் பட்டறையில் வெளுத்துக் காயப்போட்ட துணி கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை வெள்ளையாக அசைந்துகொண்டிருக்கும். அரைத் தூக்கத்தில் அதைப் பார்த்தால் மேகம். நான் மேகத்துக்கு மேலே போய்க்கொண்டிருப்பேன். கட்டிங் மாஸ்டர் வந்து தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் இறங்குவேன்.

அந்தச் சமயத்தில், ஊசி ஏஜெண்டு சொல்லி, ஜெர்மனியிலிருந்து ஒருவர் எங்கள் கம்பெனியைப் பார்க்க வருவதாகக் கடிதம் போட்டார். எங்கள் ஊரில் அப்போது வெளிநாட்டு ஆர்டர் என்பது வேறு யாருக்கோ கிடைப்பது. அது கிடைத்தால் எங்கள் கம்பெனியின் எழுபது பேருக்கும் வருஷம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் வழக்கம்போல மழைக்காலத்தில் பாதிப் பேர் வீட்டில் உட்கார வேண்டும். ஜெர்மன்காரர் தம் கடிதத்தில், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு பிராங்க்பர்ட்டில் ஏறுகிறேன், விமானம் எங்கும் நிற்காமல் பம்பாய் வரும் என்று எழுதியிருந்தார். எத்தனை மணிக்கு வரும் என்று எழுதவில்லை. பம்பாய்க்கே போய் மாலை போட்டு அழைத்துவர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை.

"ஆறுமுகம், நீ நாளைக்குக் கோயமுத்தூர் போயி, அந்த ஏரோப்ளேன் டிக்கெட் ஆபீஸ்ல இது எத்தன மணிக்குப் பம்பாய் வந்து சேருமுன்னு கேட்டுட்டு வந்துரு" என்றார்.

போனேன். ஆபீசுக்குக் கண்ணாடிக் கதவு.

உள்ளே ஒரு பெண் நீலச் சேலை கட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கதவைக் கடந்து வடக்கே போனேன். திரும்பித் தெற்கே வந்தேன். ஒரு டீ குடித்தேன். மறுபடி வடக்கே போனேன். மூன்றாவது தடவை அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். (பார்த்தாளா என்பதுகூட இப்போது சந்தேகம்தான். என் வேட்டி முனையில் டீக்கறை இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.) அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருப்பூர் வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதே ஒரு யோசனை உதித்தது. தூரம் தெரிந்தால் நேரம் தெரியும். தூரத்தை நானே அளந்துவிட்டால் என்ன? நேரே ஆபீஸ் அறைக்குப் போய் உருண்டையை எடுத்தேன். கட்டிங் டேப்பால் பூமியின் இடுப்பைச் சுற்றி அளந்தேன். இருபத்தைந்து அங்குலம். பூமியின் சுற்றளவு இருபத்தையாயிரம் மைல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். ஆக, ஒரு அங்குலத்துக்கு ஆயிரம் மைல். கடவுளே எனக்காகச் செய்து அனுப்பிய உருண்டை என்று தோன்றியது.

அடுத்து பிராங்க்பர்ட்டிலிருந்து பம்பாய்க்கு. உருண்டையின் மேல் விறைப்பான டேப் வளைந்து வழுக்கியது. நூல் வேண்டும். கோன் என்கிற நூல் கூம்பிலிருந்து புது நூல் எடுக்க வேண்டுமானால் ஸ்டோர்காரரிடம் கேட்க வேண்டும். (கேட்பதா? நானா?) டேபிளுக்கு அடியில் வெட்டிய பனியன் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்து ஓரத்தில் இழுத்தேன். நூல் தானாகப் பிரிந்து கையோடு வந்தது. பனியன் துணியிலிருந்து பிரித்த நூல் எப்படி இருக்கும் என்று எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும்; சுருட்டை முடி மாதிரி வளைவு வளைவாக இருக்கும். இந்தச் சுருட்டையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இரண்டு ஊருக்கும் நடுவே அந்த நூலைப் படிய வைத்தேன். இந்த முனையிலும் அந்த முனையிலும் நறுக்கினேன். பிறகு, நாலு வருஷம் கட்டிங்கில் இருந்த பழக்கத்தால், இரண்டு கையாலும் சர்ரென்று நீட்டிப் பிடித்து டேப்பின் மேல் வைத்தேன். ஆறு அங்குலம். ஆறாயிரம் மைல்.

அதோடு விட்டிருக்கலாம். எங்கள் மாஸ்டர் தினம் சொல்லும் பாடம் ஒன்று உண்டு: துணி தண்ணீரைக் கண்டால் சுருங்கும், ஆகவே அடிக்கு அரை அங்குலம் கூட விட்டு வெட்டு. பிராங்க்பர்ட்டுக்கும் பம்பாய்க்கும் நடுவே எத்தனை தண்ணீர் இருக்கிறது! ஆறு அங்குலத்துக்குக் கால் அங்குலம் சேர்த்தேன். ஆறாயிரத்து இருநூற்றைம்பது மைல். விமானம் மணிக்கு ஐந்நூறு மைல் போகும் என்று ஊசி ஏஜெண்டு ஒருமுறை பெருமையடித்திருந்தார். வகுத்தேன். பன்னிரண்டரை மணி நேரம். இரவு ஒன்பதுக்குக் கிளம்பினால் காலை ஒன்பதரைக்குப் பம்பாய்.

முதலாளி கேட்டார்: "ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"ஆமாங்க" என்றேன். என் வாழ்க்கையின் பெரிய பொய்கள் எல்லாமே ஒரே சொல்லில் அடங்கியவை.

முதலாளி ரயிலேறிப் பம்பாய் போனார். மாலையோடு நின்றார். சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு விமானத்தின் சக்கரம் தரையைத் தொட்டது.

ஆமாம். அப்படியேதான் நடந்தது. திரும்பி வந்த முதலாளி எழுபது பேருக்கு முன்னால் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "ஒம்பதரைன்னான், ஒம்பதரைதான். வெள்ளக்காரனே வாச்சைப் பாத்துட்டு அசந்து போயிட்டான்." எதற்காக அந்த ஜெர்மன்காரர் தம் விமானம் சரியான நேரத்துக்கு வந்ததைப் பார்த்து அசந்து போனார் என்று நான் கேட்கவில்லை. அன்று முதல் கம்பெனியில் என் பெயர் பைலட்டு. செக்கிங் டேபிளில் வேலம்பாளையத்துப் பெண் ருக்குமணி மட்டும், "பைலட்டு சைக்கிள்ல காத்து இல்லாதாட்ட இருக்குதுங்க" என்று அவ்வப்போது சொல்வாள். அவளுக்கு எதையும் தூக்கிப் பார்த்து ஓட்டை இருக்கிறதா என்று தேடுவதே வேலை. அதற்குத்தான் சம்பளம்.

ஜெர்மன்காரர் கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். நாலு அளவில் மாதிரிப் பனியன் தைத்து, முதலாளியே எடுத்துக்கொண்டு பிராங்க்பர்ட் வர வேண்டும், பிடித்தால் ஆர்டர் என்றார்.

இரண்டு மாதம் ராத்திரி பகலாகத் தைத்தோம். கழுத்து சரியில்லை என்று பிரித்தோம், கை சரியில்லை என்று பிரித்தோம். தை மாதக் கடைசியில் நாலு பனியன் தயாராயின. அவற்றை முதலாளியின் மனைவி சரசக்கா தன் கையால் இஸ்திரி போட்டு, மஞ்சள் துணியில் சுற்றி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத் தகரப் பெட்டியில் வைத்தார். பம்பாயிலிருந்து டிக்கெட் தபாலில் வந்தது. அதில் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு என்று மட்டும் போட்டிருந்தது. சேரும் நேரம் இல்லை. (அந்தக் காலத்து டிக்கெட்டுகள் அப்படித்தான். போவது உன் கவலை, சேர்வது கடவுள் கவலை.)

"போன தடவ கேட்டாப்பல கேட்டுட்டு வந்துரு" என்றார் முதலாளி.

இந்த முறை நான் கோயமுத்தூருக்கே போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அதே ஊர், அதே நூல், அதே பன்னிரண்டரை. காலை ஆறுக்குக் கிளம்பினால் மாலை ஆறரை. ஜெர்மன்காரருக்குத் தந்தி எழுதியது நான்தான்: வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு பிராங்க்பர்ட் வருகிறேன், விமான நிலையத்தில் சந்திக்கவும். விமானத்தின் நம்பரையும் போடலாமா என்று முதலாளி கேட்டார். நேரமே சொல்லும்போது நம்பர் எதற்குங்க என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது.

சரசக்கா ஊட்டிக்கு ஆள் அனுப்பி ஒரு கம்பளி ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தார். நான் அதையும் தடுத்தேன். விமானத்துக்குள் வெதுவெதுப்பாக இருக்கும், இறங்கும் இடத்தில் ஜெர்மன்காரர் காரோடு நிற்பார், நடுவில் குளிர் எங்கேயிருந்து வரும் என்று விளக்கினேன். முதலாளி வேட்டி, அரைக்கைச் சட்டை, மேலே கோயமுத்தூரில் தைத்த ஒரு கோட்டு, கையில் தகரப் பெட்டி, பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கணக்காக இரண்டு பொட்டலம் புளிச்சோறு என்று கிளம்பினார்.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் இப்போதும் ஒரு கனவு மாதிரிதான் இருக்கிறது. காலையிலேயே உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிங் டேபிளின் நடுவில் வைத்தேன். பம்பாயிலும் பிராங்க்பர்ட்டிலும் நூலின் இரண்டு முனையையும் பசை போட்டு ஒட்டி, அதில் ஒரு காலர் பொத்தானைக் கோத்துவிட்டிருந்தேன். வெள்ளைப் பொத்தான். அதுதான் முதலாளி.

எட்டரை மணிக்கு வேலை தொடங்கும்போது முதலாளி அரபிக்கடலைத் தாண்டிக்கொண்டிருந்தார். பதினோரு மணி டீக்குப் பாரசீகத்து மணலின் மேல் இருந்தார். மெஷின்காரர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கீழே ஒட்டகம் தெரியுமா என்று கேட்டார் ஒருவர். அந்த உயரத்தில் ஒட்டகம் எறும்பு மாதிரி இருக்கும் என்றேன் நான். மதியச் சாப்பாட்டுக்கு முதலாளி பனிமலைகளுக்கு மேலே. வெளியே காயும் துணி எல்லாம் காற்றில் எழும்பி எழும்பி அடங்கியது. எங்கள் தகரக் கூரைக்குக் கீழேயே மேகம் நகர்வதுபோல இருந்தது. கட்டிங் மாஸ்டர்கூட என் தலையில் தட்டவில்லை. அவரும் என்னோடு கூடவே மேலே வந்துவிட்டார்.

மூன்று மணிக்குச் சரசக்கா டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப அவிய எங்க கண்ணு இருக்கறாங்க?"

பொத்தானை ஒரு விரல்கடை நகர்த்தினேன். "கருங்கடல் மேலங்க அக்கா."

"தண்ணி மேலயா?"

"தண்ணிக்கு ரொம்ப மேலங்க."

அக்கா பொத்தானைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "சோறு உண்டிருப்பாங்களா?" என்று அதனிடமே கேட்பதுபோலக் கேட்டுவிட்டுப் போனார்.

மாலை ஆறரைக்குப் பொத்தான் பிராங்க்பர்ட்டைத் தொட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். சரசக்கா முருகன் படத்துக்குச் சூடம் காட்டிவிட்டு ஆளுக்கொரு கடலை மிட்டாய் கொடுத்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சலவைத் துணிகளை மடித்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ருக்குமணி மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு உருண்டையையே பார்த்தாள்.

"ஏனுங்க, நம்மூர்ல இப்பப் பொழுது உழுந்துருச்சு. அங்கயும் இப்பத்தான் உழுகுதுங்களா?"

நல்ல கேள்வி என்று நினைத்தேன். பைலட்டின் அறிவைக் காட்ட இதைவிடச் சந்தர்ப்பம் வாய்க்குமா? வாட்ச்மேனின் டார்ச் லைட்டை வாங்கி, இதுதான் சூரியன் என்றேன். உருண்டையை மெல்லத் திருப்பி, திருப்பூரை இருட்டின் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தினேன். இதோ பாருங்கள், இங்கே பொழுது சாய்கிறது, அதே நேரத்தில் அங்கே...

அங்கே பளிச்சென்று வெளிச்சமாக இருந்தது.

தீர்க்கரேகை ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம். மேற்கே போகப் போக மணி குறையும். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கியவன் நான். அந்த ஐந்து மார்க்கையும் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம் போல இருந்தது. பிராங்க்பர்ட் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. இங்கே ஆறரை என்றால் அங்கே பிற்பகல் இரண்டு.

"அப்ப ஜெர்மன்காரரு எந்த ஆறரைக்கு வருவாருங்க?" என்றாள் ருக்குமணி. "நம்ம ஆறரைக்கா, அவுங்க ஆறரைக்கா?"

கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. நேர வித்தியாசத்தை நான் முதல் தடவையும் சேர்க்கவில்லையே, அப்புறம் எப்படி ஒன்பதரை சரியாக வந்தது? நூல்மேல் சந்தேகம் விழுந்தது. ஸ்டோர்காரரிடம் (அந்த அவசரத்தில் வெட்கம் எங்கேயோ போய்விட்டது) கோன் நூலில் ஒரு முழம் வாங்கி மறுபடி அளந்தேன். சுருட்டையில்லாத, நேரான நூல். நாலு அங்குலமும் ஒரு நூலிழையும். நாலாயிரம் மைல்தான். எட்டு, எட்டரை மணி நேரம். சுருட்டை நூலை இழுத்துப் பிடித்து, சுருக்கத்துக்கும் கூட விட்டு, உலகத்தை நான் ஒன்றரைப் பங்கு பெரிதாக்கியிருந்தேன்.

ருக்குமணிதான் சொன்னாள். "போன தடவ அவரு கெழக்க வந்தாரு. நீங்க கூட்டுன நாலரையும், உட்ட நாலரையும் ஒண்ணுக்கொண்ணு ஈடாப் போச்சு. இந்தத் தடவ மேக்க போறாங்க. ரெண்டு தப்பும் ஒரே பக்கமா இழுத்துருச்சுங்க." ஓட்டை இருக்கும் இடத்தில் சாக்குக் கட்டியால் வட்டம் போடுவாளே, அதே நிதானத்தோடு சொன்னாள்.

எதிர்க்காற்றுக்கும் சேர்த்துத் தாராளமாக ஒன்பது மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலாளி இறங்கியது நம் மணிக்குப் பகல் மூன்று. அங்கே காலை பத்தரை. நான் அவரைக் கருங்கடல் மேல் வைத்திருந்தபோது அவர் பிராங்க்பர்ட்டில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். ஜெர்மன்காரர் வரப்போவது அங்கத்து ஆறரைக்கு. மொத்தம் எட்டு மணி நேரம். அதில் இன்னும் நாலரை மணி பாக்கி. ஸ்வெட்டர் இங்கே பீரோவில் இருக்கிறது.

சரசக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலை, சுருக்கத்தை, கோயமுத்தூருக்குப் போகாததை, முதல் தடவை போயும் உள்ளே நுழையாததை. அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நீ அந்தக் கதவத் தள்ளியிருந்தீன்னா, என்ற ஊட்டுக்காரரு இந்நேரம் சுடுதண்ணில குளிச்சிருப்பாரு" என்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நட, தந்தி ஆபீசுக்கு" என்றார்.

அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கவுன்ட்டரில் குனிந்து, எவர் முதுகுக்குப் பின்னாலும் ஒளியாமல், நானாகப் பேசினேன். அவசரத் தந்தி: திரு. ரங்கசாமி காலை பத்தரைக்கே வந்துவிட்டார், விமான நிலையத்தில் காத்திருக்கிறார், தயவுசெய்து உடனே அழைத்துச் செல்லவும். தந்தி ஆபீஸ்காரர் அதைச் சத்தமாக வாசித்துச் சரி பார்த்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் முதலாளிக்காகக் கவலைப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். தூரத்தைப் பற்றி நான் நினைத்த எதுவும்தான் சரியாக இருந்ததில்லையே.

பத்து நாள் கழித்து முதலாளி திரும்பினார். நான் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். "பைலட்டக் கூப்புடு" என்ற குரல் கேட்டது. போய் நின்றேன். சரசக்கா, மாஸ்டர், ருக்குமணி எல்லோரும் நின்றிருந்தார்கள். முதலாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார்.

இறங்கியபோது அவருடைய வாச்சில் மூன்று மணி. சுவரில் இருந்த பெரிய கடிகாரம் பத்தரை காட்டியது. ஜெர்மன்காரன் ஊரிலேயே கடிகாரம் ஓடவில்லை போலும் என்று பரிதாபப்பட்டிருக்கிறார். விமானம் வேகமாக வந்துவிட்டது, ஆறுமுகம் சொன்ன ஆறரைக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறார். ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டிருக்கிறார். தம் வாச்சில் ஆறரை ஆனதும் எழுந்து, வருபவரைத் தவறவிடக் கூடாது என்று வாசலருகே போய் நின்றார். நாங்கள் இங்கே கை தட்டியது சரியாக அந்த நேரத்தில்தான்.

அந்த வாசல் கண்ணாடிக் கதவு. ஆள் கிட்டே போனால் தானாகத் திறக்கும். இவர் கிட்டே நின்றதால் மூடவே இல்லை. வெளியே இருந்த பனிக்காற்று முழுக்க இவரைத் தேடி உள்ளே வந்தது. தள்ளி நிற்கலாம், ஆனால் ஆர்டர் தவறிவிட்டால்? அரை மணி நேரத்தில் காது மரத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் துணியை அவிழ்த்தார்.

"நாலையுமா போட்டீங்க?" என்றார் சரசக்கா.

"பின்ன? மொதல்ல சின்னது, அதுக்கு மேல அடுத்தது. கடைசிப் பனியனைப் போட்டு மேல கோட்ட மாட்டுனன். அந்தக் குளுர்ல, சாமி, நம்ம பனியன் மாதிரி ஒரு துணி ஒலகத்துல இல்ல."

எங்கள் முதலாளியின் வயிற்றை நீங்கள் பார்த்ததில்லை. சின்ன அளவுப் பனியன் என்பது பன்னிரண்டு வயதுப் பையனுக்கானது. ஜெர்மன்காரர் அவர்கள் ஊர் ஆறரைக்கு, ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல் வந்தார். மாதிரி எங்கே என்று கேட்டார். முதலாளி கோட்டைத் திறந்து காட்டினார்.

அன்றிரவு அந்த நாலு பனியனையும் மேசையில் போட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள். சின்னது நடுத்தரமாகியிருந்தது, நடுத்தரம் பெரியதாகியிருந்தது, பெரியதையும் அதற்கும் பெரியதையும் அளக்க டேப் பத்தவில்லை. முதலாளிக்கு அழுகை வந்துவிட்டது. எழுபது பேருடைய முகமும் முன்னால் வந்தது என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஜெர்மன்காரரின் மனைவிதான் அவற்றை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறார். காலையில் மறுபடி அளந்தால், நாலும் எங்கள் மாஸ்டர் வெட்டிய பழைய அளவுக்கே வந்து நின்றன. தண்ணீரைக் கண்டால் சுருங்குமே, அந்தச் சுருக்கம். இப்படி ஒரு வயிற்றுக்கு மேல் ஒரு சாயங்காலம் முழுக்கக் கிடந்தும், ஒரே சலவையில் உருவத்துக்குத் திரும்பிய துணியை நான் பார்த்ததில்லை என்று ஜெர்மன்காரர் சொன்னாராம். கேட்டதில் பாதி ஆர்டர் கொடுத்தார். மீதியை ஒழுங்காகச் செய்து காட்டினால் தருகிறேன் என்றார். அந்த வருஷம் மழைக்காலத்தில் யாரும் வீட்டில் உட்காரவில்லை.

அந்தக் காலை, அவர்கள் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, வாசல் மணி அடித்தது. தந்தி. ஜெர்மன்காரர் பிரித்து, எதிரே உட்கார்ந்திருந்த முதலாளிக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்: திரு. ரங்கசாமி வந்துவிட்டார். தயவுசெய்து உடனே அழைத்துச் செல்லவும். வாசித்துவிட்டு அவர் மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாராம். முதலாளியும் சிரித்தாராம், ஏன் என்று அப்போது புரியாவிட்டாலும்.

எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு என் தண்டனையை அறிவித்தார். "நாளைக்குக் கோயமுத்தூர் போ. அந்தக் கதவத் தள்ளி உள்ள போ. ஒண்ணும் வாங்க வேண்டாம். கேட்டுட்டு வா."

போனேன். வெளியே வடக்கும் தெற்குமாக இரண்டு தடவை நடந்தது உண்மைதான். பிறகு தள்ளினேன். அது அத்தனை லேசாகத் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிட்டத்தட்ட உள்ளே விழுந்தேன். அதே பெண் என்ன வேண்டும் என்றாள். பிராங்க்பர்ட்டுக்கு எத்தனை மணி நேரமுங்க என்றேன். ஒரு தடிமனான புத்தகத்தைப் புரட்டி, வர எட்டு மணி, போக எட்டரை ஒன்பது, அங்கே கடிகாரம் நாலரை மணி பின்னால் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அரை நிமிஷம். மொத்தமே அரை நிமிஷம்தான்.

இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம் ஆனது. பெண் வேலம்பாளையம். செக்கிங் டேபிளில் கற்றதை அவள் இன்னும் மறக்கவில்லை; என்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடுவதை இன்றுவரை விடவில்லை. எனக்கும் பழைய குணம் போகவில்லை. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், பஸ் ஸ்டாப்பில், கல்யாண வீட்டில், எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் கண் எங்கேயோ போய்விடும். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. "உங்கப்பன் கருங்கடல் மேல இருக்காரு, கொழம்ப அப்பறம் ஊத்து" என்பாள் ருக்குமணி. என் மகள் பிறந்து பேசக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து, கருங்கடல் என்பது நான் அடிக்கடி போய்வரும் ஒரு இடம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதை வரைபடத்தில் காட்டியபோது, "எங்கப்பா அங்க இருக்காருங்க" என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

போன மாதம் முதலாளி எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். அவருக்கு இப்போது எண்பது ஆகப்போகிறது. மகள் எடுத்தாள். நான் ஜன்னலோரம், எதிர் மாடியில் யாரோ காயப்போட்ட வெள்ளைத் துணி அசைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை கூப்பிட்டாளாம். எனக்குக் கேட்கவில்லை.

"அப்பா கருங்கடல் மேல இருக்காருங்க தாத்தா" என்றிருக்கிறாள்.

"எறங்குனதுக்கப்பறம் குடு கண்ணு" என்றாராம் அவர். "நாங் காத்துட்டு இருக்கறன். எனக்கு அது பழக்கந்தான்."